இடப்பக்கம் திரும்பிய தலை

பைலட்டின் தலை இடப்பக்கம் திரும்பியிருந்தது.

சிவம் அதை நேரே முன்னால் பார்க்கும்படிதான் ஒட்டியிருந்தான். எலுமிச்சம்பழ அளவுத் தலை. தெர்மகோலில் செதுக்கி, தேய்த்து, இறுக மூடிய உதடுகளை ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்து, தேனம்மையின் பழைய கைப்பையிலிருந்து வெட்டிய தோலில் தொப்பி தைத்துப் போட்டு, எப்பாக்ஸி பசை வைத்து உட்கார்த்தியிருந்தான். அந்தப் பசை காய்ந்துவிட்டால் சுத்தியலால் அடித்தாலும் விடாது. இப்போது அந்தத் தலை இடது தோள்மேல் சாய்ந்து, இறக்கைக்கு அப்பால் கீழே தரையில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. மேலே கண்ணாடி மூடி மூடியபடி இருந்தது. அதன் சின்னத் திருகுகளும் அவன் முடுக்கியபடியே இருந்தன.

வேறு ஒருவனாக இருந்தால் பயந்திருப்பான். சிவத்துக்குக் கோபம்தான் வந்தது. எதற்கெடுத்தாலும் அவனுக்கு முதலில் கோபம்தான் வரும். பயம், துக்கம், வெட்கம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று, பாதி நேரம் முறை வராமலே திரும்பிப் போய்விடும்.

"தேனு! இங்குட்டு வா. யாரு இதத் தொட்டது?"

தேனம்மை எட்டு மாதக் குழந்தை சுபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். "நான் எதுக்கு அதத் தொடப் போறேன்? அந்த நாத்தத்துல பிள்ளையோட உள்ள வர முடியுதா? நீங்களே திருப்பி வச்சிட்டு மறந்திருப்பீக."

நாற்றம் என்று அவள் சொன்னது டோப்பை. விமானத்தின் எலும்புக்கூட்டின்மேல் போர்த்திய துணியை இறுக்குவதற்காகப் பூசுகிற திரவம் அது. நகப்பூச்சும் பஞ்சர் கடைப் பசையும் கலந்த வாடை. நடுமுற்றமான வளவைச் சுற்றியிருந்த அறைகளில் இரண்டாவது அறை முழுக்க அந்த வாடைதான். ஆறடி இறக்கை விரித்த சண்டை விமான மாடல் அறையை அடைத்துக்கொண்டு நின்றது.

தேனம்மை இல்லையென்றால் ஆதித்தன்தான். வீட்டின் மறுபாதிக்குப் பாத்தியப்பட்ட பங்காளி, வயதில் மூத்தவன். சிவம் வளவைத் தாண்டிப் போய், "அண்ணே, என் அறைக்குள்ள வந்தீகளா?" என்று கேட்டான்.

ஆதித்தன் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓடுன வீட்டுப் புள்ளி ஏரோப்ளேன் செய்யுறாகளாம், அத நான் வந்து கெடுக்கணுமாக்கும்! போடா போக்கத்தவனே. அந்தக் காலத்துலயே ஒண்ணு செஞ்சு குடுத்திருந்தா பாட்டையா ஓடியிருக்க வேணாம், பறந்தே வந்திருப்பாரு."

சிவம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டான். வாயைக் கொடுத்தால் கைகலப்பில்தான் முடியும். சின்ன வயதிலிருந்து கல்யாணப் பந்தியிலும் கோயில் வாசலிலும் அவன் காதில் ஈயம் மாதிரி ஊற்றப்பட்ட பேச்சு அது. ஓடுன வீடு. பர்மாவில் கடை வைத்திருந்த அவன் பாட்டையா, அதாவது தாத்தாவின் அப்பா, பெண்களை அக்கரைக்கு அழைத்துப் போகிற வழக்கமில்லாத காலத்தில் மனைவி கண்ணம்மையை அழைத்துப் போனவர். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. யுத்தம் வந்து எல்லாரும் மலையும் காடும் கடந்து நடந்தே ஊர் திரும்பியபோது, ஒரு வெட்டவெளிச் சாலையில் ஜப்பான் விமானம் ஒன்று தாழ வந்து சுட்டது. பாட்டையா ஓடிப்போய்ச் சாலையோரப் பள்ளத்தில் படுத்துக்கொண்டார். கண்ணம்மை, பட்டுத் துணியில் தூளி கட்டித் தோளில் போட்டிருந்த குழந்தையோடு நடுச்சாலையில் நின்றாள். விமானம் போனபின் அவர் எழுந்து வந்து எடுத்துக்கொண்டது அந்தப் பட்டை மட்டும்தான். அதில் மூன்று ஓட்டைகள் இருந்தன.

பிறகு ஊருக்கு வந்தார், இரண்டாம் கல்யாணம் செய்தார், பிள்ளை பெற்றார். அந்த வழியில் வந்தவன் சிவம். அவர் ஓடியதற்கு இவன் என்ன செய்வான்? ஆனால் கேட்கிற வாய் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வேலையை விட்டு ஊருக்கு வந்தால் 'ஓடி வந்துட்டான்'. காரைச் சற்று வேகமாக ஓட்டினால் 'ரத்தம் அப்படி'. அந்த எரிச்சலில்தான் அந்த விமானத்தையே செய்வதென்று இறங்கினான். அதே ரகம், அதே பச்சை நிறம், இறக்கையில் அதே சிவப்பு வட்டம். எங்கள் வீட்டைத் தலைகுனிய வைத்த சனியனை என் விரலுக்கு ஆட வைக்கிறேன் பார், ரிமோட்டைத் தட்டினால் மேலே போகும், தட்டினால் என் காலடியில் வந்து இறங்கும் என்று கறுவிக்கொண்டே செய்தான்.

வேலையில் குறை சொல்ல முடியாது. உடம்பில் ஆணித் தலைகள் வரவேண்டிய இடமெல்லாம் ஊசியால் பசைப் பொட்டு வைத்தான். புகைபோக்கிக்குப் பின்னால் கரித்தூளைத் தேய்த்துப் புகைக்கறை ஏற்றினான். பைலட் கால் வைத்து ஏறுகிற இடத்தில் மட்டும் பச்சையைச் சுரண்டி வெள்ளி தெரிய வைத்தான். துணிதான் மக்கர் செய்தது. சென்னையிலிருந்து வரவழைத்த பட்டு இரண்டு தடவையும் டோப்பு பட்டதும் கிழிந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, அதே நேரம் கிழியாத துணி வேண்டும். அப்படி ஒரு துணி வீட்டிலேயே இருந்தது.

இங்கேதான் அவன் செய்யக்கூடாததைச் செய்தான். சாமி அறையில் இருக்கும் படைப்புப் பெட்டியில் கண்ணம்மை ஆச்சியின் பட்டு இருந்தது. ஆண்டுக்கொருமுறை பங்காளிகள் கூடிப் படைக்கும்போது, வீட்டு மருமகள்தான் அதை எடுத்து, மணையில் விரித்து, புதுச்சேலையும் சோறும் வைத்துக் கும்பிட்டு, மறுபடி மடித்து வைப்பாள். ஆண் கை அதில் படக்கூடாது. ஓட்டைகளைத் தைக்கவும் கூடாது. ஏன் என்று சிவத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பெட்டிக்குள் மக்கிப்போவதற்குப் பறக்கட்டுமே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, தேனம்மை பிறந்த வீட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம் எடுத்து வெட்டினான். பெட்டியில் வேறொரு பழம்பட்டை மடித்து வைத்தான். ஓட்டை விழுந்த துண்டு இறக்கைக்கு உதவாது. அதைத் தூரிகை துடைக்கப் போட்டுக்கொண்டான்.

துடைக்க! அவன் கையை என்ன சொல்வது?

டோப்பு பூசிய பட்டு இரண்டு மூன்று நாள் இறுகும், பிறகு நின்றுவிடும். இது நிற்கவில்லை. உச்சி வேளையில் ஊரே அடங்கி, வளவின் கம்பிவலை வழியாக வெயில் செங்குத்தாக இறங்கி, சமையல்கட்டில் பாத்திரச் சத்தம்கூட ஓய்ந்த பிறகு அந்த அறையிலிருந்து சத்தம் வரும். முதலில் அவன் மரம் காய்கிற சத்தம் என்று நினைத்தான். கூர்ந்து கேட்டபோது அது வேறு. கிரீச்… கிரீச்… என்று நிதானமாக, ஒரே சீராக. உத்தரத்தில் கட்டிய தூளியில் பிள்ளையைப் போட்டு ஆட்டும்போது முறுக்கேறும் துணி அப்படித்தான் சத்தமிடும். கைவைத்துப் பார்த்தான். இறக்கைத் துணி மத்தளத் தோல்போல விறைத்திருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. வெயில் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

பைலட்டின் தலையை அறுத்தெடுத்து நேராக ஒட்டினான். மறுநாள் இடப்பக்கம் சாய்ந்து கீழே பார்த்தது. மறுபடி ஒட்டினான். மறுபடி சாய்ந்தது. வந்த பயத்தையும் கோபமாக்கிக்கொண்டான். "சனியன், பசை கலப்படம்" என்று கடைக்காரனைப் போனில் கிழித்தான்.

படைப்புக்கு முந்தின நாள் காலையில் தேனம்மை பெட்டியைத் திறந்தாள்.

அவள் கத்திக்கொண்டு வரவில்லை. அதுதான் அவனுக்கு முதலில் உறைத்தது. அதுவரை காலெடுத்து வைக்காத அறைக்குள் நேராக வந்து, விமானத்தின் இறக்கையில் உள்ளங்கையை வைத்து, அப்படியே நின்றாள்.

"இது அவுக பட்டுத்தானே?"

"தேனு, நான் சொல்றதக் கேளு…"

"கேக்க மாட்டேன். பிள்ளைய வச்சிருந்த துணிங்க இது. அதப் போயி, அந்தப் பிள்ளையக் கொன்ன ஏரோப்ளேனுக்கே போத்தியிருக்கீகளே, நீங்கள்லாம் மனுசந்தானா? சோத்தத்தான் திங்கிறீகளா?" குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை. "ஓட்டை இருந்த துண்டு எங்க?"

அவன் கண் தானாகத் தூரிகைக் குவளைப் பக்கம் போனது. அவள் போய் எடுத்தாள். வட்டத்துக்குப் பூசிய சிவப்பு அதில் ஊறி, மூன்று ஓட்டையைச் சுற்றியும் பிசுபிசுவென்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உரிச்சுக் குடுங்க. இப்பவே."

"ஒரே ஒரு தடவ பறக்க விட்டுர்றேன். இன்னைக்குச் சாயங்காலம். எறங்குனதும் உரிச்சுத் தர்றேன், சத்தியமா."

"அப்ப நானும் வாரேன். எறங்குன கையோட நானே உரிச்சு எடுப்பேன். உங்கள நம்ப மாட்டேன்."

"பிள்ளையத் தூக்கிக்கிட்டா?"

"வீட்டுல யாரு இருக்கா, விட்டுட்டு வர? ஏன், பிள்ள மேல விழுந்துரும்னு பயமா இருக்கோ?"

சுருக்கென்று ஏறியது அவனுக்கு. "விழுந்தா, பெத்த அப்பச்சின்னு நான் எதுக்குடி இருக்கேன்? முன்னால வந்து நிக்க மாட்டேனா? நான் பாட்டையா இல்ல. ஓட மாட்டேன்."

இந்தப் பேச்சைக் கேட்க அந்த அறையில் யார் யார் இருந்தார்களோ.

யுத்த காலத்தில் போட்ட பழைய ஓடுதளம் ஊருக்கு வெளியே வெயிலில் வெடித்துக் கிடந்தது. காங்கிரீட் விரிசல்களில் புல். இருபுறமும் கருவேல முள். இடப்பக்க ஓரத்தில், மழைத்தண்ணீர் ஓட எப்போதோ வெட்டிய பள்ளம். ஆடு மேய்ப்பவர்கூட இல்லை. தேனம்மை கார் நிழலில் குழந்தையோடு நின்றாள்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. விமானம் குலுங்கி ஓடி, வாலைத் தூக்கி, வெயிலுக்குள் ஏறியது. சிவத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வலது என்றால் வலது. இடது என்றால் இடது. இத்தனை வருசமாகக் கேட்ட பேச்சு அத்தனையும் அவன் இரண்டு கட்டைவிரலுக்குக் கீழே கட்டுப்பட்டு வட்டமடித்தது. "டேய் ஆதித்தா, வந்து பாருடா!" என்று வாய்விட்டே சொன்னான்.

பிறகு இடப்பக்கம் சாய்த்த விமானம் நிமிரவில்லை.

ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினான். இடப்பக்கமே சுற்றியது. முழுக்கத் தள்ளினான். அதே வட்டம், அதே சாய்வு. கீழே எதையோ தேடுகிற மாதிரி. ரிமோட்டை அணைத்தான். அணைத்தால் எஞ்சின் ஓய்ந்து விழவேண்டும், அப்படித்தான் அவன் கட்டியிருந்தான். விழவில்லை. சுற்றியது. எண்ணெய் தீரட்டும் என்று காத்திருந்தான். எண்ணெய் தீர்ந்தது. எஞ்சின் இருமி நின்றது. விசிறி அசையாமல் நின்றது, அவனே கண்ணால் பார்த்தான்.

விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது.

எஞ்சின் ஓய்ந்த அமைதியில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. கிரீச்… கிரீச்… வானம் முழுக்க ஒரு தூளி ஆடியது.

"நின்னுருச்சுல்ல? எறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே தேனம்மை ஓடுதளத்தின் நடுவுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் சுபா. அவன் பக்கத்திலேயே நின்றாள். கை நீட்டினால் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம்.

"தேனு, போயிரு. காருக்குப் போ."

"உரிக்காமப் போக மாட்டேன்."

தூரத்து முனையில் விமானம் திரும்பியது. தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. ஆள் உயரம். நேராக, ஓடுதளத்தின் நடுக்கோட்டில், சத்தமில்லாமல். சிவப்பு வட்டங்கள் பெரிதாகின. விசிறி அசையவில்லை. அசையாத விசிறியோடு வந்தது.

"என்னங்க…" என்றாள் தேனம்மை.

சிவம் ஓடினான்.

யோசிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. முள் கிழித்தது. பள்ளம். குப்புற விழுந்தான். தலைமேல் கை. வாயில் மண். மோதுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். அலறலுக்காகக் காத்திருந்தான்.

காற்று மட்டும் மேலே கடந்து போனது.

அப்போதுதான் அவனுக்குத் தான் எங்கே படுத்திருக்கிறோம் என்று புரிந்தது. கோபம் வரவில்லை. வரிசையில் நின்ற மற்றதெல்லாம் முதல் தடவையாக மொத்தமாக வந்தது. வெட்கத்தில் உடம்பு தீயாய் எரிந்தது. ஐயோ, என் பிள்ளை. ஐயோ, நானுமா. நானுமா.

மெல்லத் தலையைத் தூக்கினான்.

தேனம்மை நடு ஓடுதளத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. பறந்த முந்தானை அப்போதுதான் அடங்கியது. அதன் முடிச்சு அவிழ்ந்திருந்தது. ஓட்டைத் துண்டு அவள் தோளில், குழந்தையைச் சுற்றிக் கிடந்தது. சுபா அழவில்லை. பிள்ளையின் தலை இடது தோள்மேல் சாய்ந்து, கீழே, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சாய்வு அவனுக்குத் தெரியும். அதைத்தான் அவன் அறுத்து அறுத்து ஒட்டினான்.

தேனம்மையின் முகத்தில் கோபம் இருந்தது. அவளுடைய கோபம் இல்லை அது. ஒரு காலை நடந்த சண்டையில் வருகிற கோபம் இல்லை. எத்தனையோ வருசம் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த கோபம்.

அவள் கையை உயர்த்தி, பள்ளத்தை நோக்கி விரலை நீட்டினாள். பிள்ளைக்கு நிலாக் காட்டுகிற குரலில், வானத்தில் விமானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தா பாரு ஆத்தா, அங்குட்டு. உங்க அப்பச்சி பள்ளத்துல படுத்திருக்காக."

கிரீச்… கிரீச்…

தூரத்து முனையில் விமானம் திரும்பியது. நடுக்கோட்டை விட்டு விலகியது. பள்ளத்தின்மேல், பள்ளத்தின் நீளத்துக்கே, தாழ்ந்து வந்தது. கண்ணாடி மூடிக்குள் தோல் தொப்பி கழன்று கிடந்தது. தலை இப்போது நேராகப் பார்த்தது. அவனை.

அவன் வரைந்தபோது அந்த வாய் மூடியிருந்தது. இப்போது திறந்திருந்தது.